வகுப்பே படித்த வரிகள்

அத்தியாயம் 14

போன வாரம் குளியலறைக் கதவு திறந்ததோடு நிறுத்தியிருந்தேன். இடுப்பு வரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு மகள் வெளியே வந்து நின்றாள். கையில் கத்தரிக்கோல்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?" என்று அம்மா கேட்டாள். கேட்டுக் கேட்டு அலுத்து, "என்கூட இருக்கவே பிடிக்கலேன்னா மாமா வீட்டுக்குப் போயேன்" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தை.

"சரி" என்றாள் மகள்.

அந்த ஒரு 'சரி'யைப் பிடித்துக்கொண்டு நான்கு நாளாக ஒரே வீட்டில் தனித்தனிக் குடித்தனம்.

இன்றைக்குத்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா கணினி டீச்சர். மகள் அதே பள்ளியில், அதே அம்மாவிடம் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் 'டீச்சர், நீங்க'. வீட்டில் 'அம்மா, நீ'. அப்பா கப்பலில், எஞ்சின் அறையில். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. இப்போது கடல்.

பத்து நாளைக்கு முன்னால் மகளின் வீட்டுப்பாட நிரலும் பக்கத்து இருக்கைக் கண்ணாடிக்காரியின் நிரலும் புள்ளி கமா உட்பட ஒன்றாக இருந்தன. இரண்டு பேருக்கும் பூஜ்யம் போட்டாள் டீச்சர்.

"நான் காப்பி அடிக்கல டீச்சர்."

"என் பொண்ணுன்னு உன்னை விட்டா நாளைக்கு இந்த வகுப்புல ஒருத்தரும் என்னை மதிக்க மாட்டாங்க. உட்காரு."

உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் 'சரி'யைத் தவிர அவள் குரலே கேட்கவில்லை.

இனி இந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

*

"அஞ்சு மணிக்கு மாமா வந்துடுவான். அதுக்குள்ள நான் வந்துடறேன்" என்றாள் அம்மா, செருப்பை மாட்டியபடி.

"ம்."

"துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டியா?"

"ம்."

"லேப்டாப் சார்ஜரை மறந்துடாதே. போன தடவை மாமா வீட்டுக்குப் போனப்ப மறந்துட்டு, பாதி லீவு சும்மா உட்கார்ந்திருந்த."

"அதைத்தான் முதல்ல வெச்சேன்."

ஐந்து சொல்லுக்கு மேல் மகள் பேசுவாளோ என்று அம்மா வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தாள். மகள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். வெட்டிய முடி கன்னத்தில் விழுந்து முகத்தை மறைத்தது. முன்பெல்லாம் அந்த முகம் மறையவே மறையாது. பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு அதன் நுனியைக் கடித்தபடி ஓயாமல் வாயடிக்கும் பெண்.

'போக வேணாம்' என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் 'நான் போறேன்' என்று சொல்லிவிட்டால்? கேட்டு வாங்கிக்கொள்ள அம்மாவுக்குத் தைரியம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினாள்.

*

பள்ளிக்கூடம் விடுமுறை நாளில் வேறு மாதிரி இருக்கும். நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் வைத்திருப்பார்கள். நடந்தால் நம் காலடியே நம்மைப் பின்தொடர்ந்து வரும்.

"லீவு நாள்லயும் வந்துட்டீங்களா டீச்சர்? வீட்ல யாரும் தேட மாட்டாங்களா?" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார் காவலாளி.

"தேடினா சொல்லி அனுப்புங்க" என்று அவளும் சிரித்துவைத்தாள்.

கணினி அறையின் மூலையில் பழைய சர்வர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த புதியது. இரண்டுக்கும் நடுவில் இன்றைய வேலை. வீட்டுப்பாட மென்பொருளைப் புதியதில் நிறுவி, நாற்பத்திரண்டு பிள்ளைகளின் வேலையையும் அதற்கு மாற்ற வேண்டும். திங்கட்கிழமை அடுத்த வீட்டுப்பாடம்.

அந்த மென்பொருள் இலவசம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற, முகம் தெரியாத வாத்தியார்கள் சேர்ந்து எழுதி, உள்ளே இருப்பதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பள்ளியும் எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பெட்டி. வீட்டிலிருந்தே நிரலை எழுதி அதில் சேமிக்கலாம். சேமிக்கும்போதெல்லாம் 'என்ன மாற்றினேன்' என்று ஒரு வரி குறிப்பு எழுதினால்தான் அது ஏற்கும். ஒப்படைக்கும் கடைசி நேரம் முடிந்ததும் தானே சோதித்து, சரிக்குப் பச்சை, தப்புக்குச் சிவப்பு என்று டீச்சருக்கு ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்கும்.

பருவத் தொடக்கத்தில் இதைப் பழைய சர்வரில் அவளேதான் நிறுவினாள். உதவிக்கு ஆள் கிடையாது. மூன்று வாரம் திரையோடு மல்லுக்கட்டினாள். வீட்டிலும் அதே நினைப்பு. மகள் ஏதாவது சொல்ல வந்தால், "இரு, இதை முடிச்சுட்டு வரேன்." முடிந்தபோது மகள் சொல்ல வந்ததை விட்டுவிட்டிருந்தாள்.

புதிய சர்வரில் எல்லாம் ஒழுங்காகப் போனது. பள்ளியின் பெயர் கேட்டது. வகுப்பின் பெயர் கேட்டது. மாணவர் பட்டியலைக் கேட்டது. பிறகு ஒரு கேள்வி.

'வகுப்பில் உள்ளவர்கள் ஒருவர் பெட்டியை மற்றவர் பார்க்கலாமா?'

பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். அதில் முன்கூட்டியே ஒரு டிக். கீழே பொடி எழுத்தில்: 'சேர்ந்து படிக்கும் குழுக்களுக்கு ஏற்றது. மதிப்பெண் தரும் வேலைகளுக்கு இதை எடுத்துவிடவும்.'

டிக்கை எடுத்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகவிருந்த கை அப்படியே நின்றது.

இந்தக் கேள்வியை இதற்குமுன் பார்த்த ஞாபகமே இல்லையே?

நாற்காலியைப் பழைய சர்வர் பக்கம் இழுத்துப் போட்டாள். அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அதே கேள்வி, அதே கட்டம். டிக் இருந்தது.

அன்றைக்கு வேலை முடியும் அவசரத்தில் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனது இப்போது ஞாபகம் வந்தது. பருவம் பூராவும் நாற்பத்திரண்டு பெட்டிகளும் நாற்பத்திரண்டு பேருக்கும் திறந்து கிடந்திருக்கின்றன.

டீச்சருக்குக் காது சூடானது. அப்படியென்றால் அந்த இரண்டு வீட்டுப்பாடங்கள்?

முதலில் கண்ணாடிக்காரியின் பெட்டி. முழு நிரலும் ஒரே ஒரு முறை சேமிக்கப்பட்டிருந்தது, கடைசி நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பு. குறிப்பு: 'முடிந்தது.'

பிறகு மகளின் பெட்டி. அதே வீட்டுப்பாடம், நான்கு நாளில் பதினோரு முறை. தப்பு, திருத்தல், மறுபடி தப்பு, மறுபடி திருத்தல். காலடித் தடம் மாதிரி ஒவ்வொன்றும் வரிசையாக இருந்தது.

அவள் காப்பி அடிக்கவில்லை. அவளிடமிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். எடுக்க வழி திறந்து வைத்தவள் அம்மா.

முதலில் டிக்கை எடுத்துச் சேமித்தாள். அப்போது மணி இரண்டு. அதோடு எழுந்திருந்தால் இந்த அத்தியாயம் சின்னதாக முடிந்திருக்கும். அவள் எழுந்திருக்கவில்லை. அந்தப் பதினோரு குறிப்புகளையும் படிக்கத் தொடங்கினாள்.

'எண்ணிக்கை ஒண்ணு குறையுது. சரி பண்ணினேன்.'

'சரியாகல. டீச்சர் பக்கத்து ரூம்லதான் இருக்கீங்க. கேட்கலாமான்னு பார்த்தேன். கதவு சாத்தியிருந்துச்சு.'

'நானே கண்டுபிடிச்சேன். பூஜ்யத்துல இருந்து எண்ணணும். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல, அதான் இங்க எழுதறேன்.'

பருவத்தின் முதல் நாள் வகுப்பில் தான் சொன்னது டீச்சருக்கு நினைவு வந்தது. "அந்தக் குறிப்பு வரியை ஏனோதானோன்னு எழுதாதீங்க. ஒவ்வொண்ணையும் நான் படிப்பேன்."

படித்ததே இல்லை. பச்சை, சிவப்புப் பட்டியல் தானாக வந்துவிடுகிறது. குறிப்புகளைப் பார்க்க இன்னும் ஒரு முறை சொடுக்க வேண்டும். நாற்பத்திரண்டு பேருக்கு யார் சொடுக்குவது?

ஆனால் அவள் சொன்னதை ஒருத்தி மட்டும் நம்பியிருக்கிறாள்.

டீச்சர் பருவத்தின் ஆரம்பத்துக்கே போனாள். மொத்தம் நாற்பத்து மூன்று வரிகள். மூன்றாவது வீட்டுப்பாடத்தில் இது இருந்தது:

'டீச்சர், இதைப் படிச்சீங்கன்னா நாளைக்குக் காலைல வீட்டுல எனக்குத் தலை பின்னி விடுங்க. முன்ன மாதிரி. ஒண்ணும் பேச வேணாம்.'

மறுநாள் தேதியில் அடுத்த வரி:

'நானே பின்னிக்கிட்டேன்.'

அறையில் இரண்டு சர்வர்களும் உறுமிக்கொண்டிருந்தன. டீச்சர் கடைசி வரிசை மேசைகளைப் பார்த்தாள். மகள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் அங்கேயிருந்து ஒரு குரல் வரும். "இன்னிக்கு யாரு பின்னி விட்டாங்க?" உடனே கொல்லென்று ஒரு சிரிப்பு. பெண் பிள்ளைகளுக்குள் ஏதோ கேலி என்று டீச்சரும் மேசையைத் தட்டி, "போதும், போதும்" என்று சிரித்தபடியே சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் இல்லை, ஆறேழு நாள்.

கத்தரிக்கோல் ஏன் என்று இப்போது புரிந்தது.

வகுப்பு முழுக்கப் படித்துவிட்டது. படிக்க வேண்டிய ஒருத்தி மட்டும் படிக்கவில்லை.

*

மாமா ஐந்து மணிக்கு வரவில்லை. மூன்று மணிக்கு முன்பே வந்துவிட்டார். அலுவலக ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறவர். திடீரென்று மாலையில் ஒரு சவாரி ஒத்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு இரண்டு தடவை போன் அடித்தார். எடுக்கவில்லை. சரி என்று நேரே வந்து, தெருவை அடைத்த மாதிரி வேனை நிறுத்தி ஹாரன் கொடுத்தார்.

மகள் அப்போது லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கிளம்புவதற்குள் தன் பெட்டியைக் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று திறந்தவள், பெயருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பூட்டுச் சின்னத்தைக் கண்டாள். 'இந்தப் பெட்டியை நீங்களும் உங்கள் ஆசிரியரும் மட்டுமே பார்க்க முடியும்.'

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு குறிப்பு எழுதும் கட்டத்தில் விரலை வைத்தாள்.

மறுபடி ஹாரன். படியில் செருப்புச் சத்தம்.

"என்ன பட்டாசு, கிளம்பலாமா? பின்னாடி ஒரு லாரிக்காரன் என்னைத் திட்டியே கொன்னுடுவான் போலிருக்கு!" மாமா மூச்சு வாங்க உள்ளே வந்தார். முடியைப் பார்த்ததும் தலையைச் சாய்த்து ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஷாம்பூ மிச்சம்."

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னடா, பட்டாசு நமுத்துப் போச்சா? உங்க அத்தை காலையில இருந்து உனக்கு ரூம் ஒழிச்சுட்டிருக்கா. என் சட்டையெல்லாம் இப்ப நடு ஹால்ல கிடக்கு."

"அஞ்சு மணின்னு சொன்னீங்களே மாமா."

"சவாரி வந்துடுச்சு கண்ணு. அம்மாகிட்ட அப்புறம் பேசிக்கலாம். லேப்டாப் எடுத்துக்கல?"

மகள் திரும்பிப் பார்த்தாள். அது பழைய லேப்டாப். மூடினால் செத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"வேணாம் மாமா. அது இருந்தா வகுப்பும் கூடவே வரும்."

மூடாமலே விட்டுவிட்டுப் பையைத் தூக்கினாள். வேன் திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பேருந்து நிறுத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வருகிற பேருந்து அங்கேதான் நிற்கும். ஒரு பேருந்து வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். மூவரும் வேறு யாரோ.

*

அதே நேரத்தில் பள்ளியில் டீச்சர் தலைமையாசிரியையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். தம்பியின் அழைப்புகள் அதனால்தான் அவளுக்குக் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"பிள்ளைங்களோட பெட்டியெல்லாம் திறந்து கிடந்துச்சுன்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா என் ரூம் வாசல்ல வரிசையில நிப்பாங்க டீச்சர். ஒண்ணு பண்ணுங்க. மென்பொருள்ல கோளாறு, சரி பண்ணிட்டோம்னு போட்டுடுங்க. இலவசமா வந்ததுதானே, யார் வந்து கேட்கப் போறா?"

"அது என்னைக் கேட்டுச்சு மேடம். நான்தான் படிக்கல."

"உங்க நல்லதுக்குச் சொல்றேன். அடுத்த வருஷம் துறைத் தலைவர் பதவிக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். இப்ப போய் நீங்களே எழுதிக் கொடுத்தா நான் என்ன செய்ய முடியும்?"

"வேற பேர் எழுதிக்குங்க மேடம்."

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. பத்து வருஷமாக எதிர்பார்த்த பதவி. ஆனாலும் வகுப்பின் அறிவிப்புப் பலகையைத் திறந்து எழுதினாள்.

'உங்கள் பெட்டிகள் எல்லோருக்கும் திறந்து கிடந்தது என் தவறு. மென்பொருளின் தவறு இல்லை. நான் பூஜ்யம் போட்ட இருவரில் ஒருவர் தானாகவே எழுதியவர். அவருடைய மதிப்பெண்ணைத் திருப்பித் தருகிறேன். அவரிடம் வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்பேன். மற்றவர் திங்கட்கிழமை என்னை வந்து பார்க்கட்டும். திட்ட மாட்டேன். அடுத்தவர் பெட்டியில் படித்ததை வைத்துக் கேலி செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன். எனக்கும் வெட்கமாக இருக்கிறது.'

பிறகு மகளின் பெட்டிக்குள் போய், அந்த நாற்பத்து மூன்றாவது வரிக்குக் கீழே ஆசிரியர் கருத்து எழுதும் இடத்தில் மெதுவாகத் தட்டினாள்.

'படிச்சேன். எல்லாத்தையும். அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்.'

பாதி நிறுவிய புதிய சர்வரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

*

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி நாலரை.

"கண்ணு!" என்றாள்.

கூப்பிட்ட அந்தக் குரல் ஒவ்வொரு அறையாகப் போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தது. பை இல்லை. செருப்பு இல்லை. சுவர்க் கண்ணாடிக்குக் கீழே பெரிய பல் சீப்பு மட்டும் இருந்தது. கழுத்தளவு முடிக்கு அது தேவைப்படாது என்று விட்டுப் போயிருக்கிறாள்.

போனைப் பார்த்தாள். தம்பியிடமிருந்து இரண்டு தவறிய அழைப்பு, மூன்று மணிக்கு ஒரு செய்தி. 'அக்கா பட்டாசை ஏத்திட்டேன். கவலைப்படாதே. கொஞ்ச நாள் ரெண்டு பேரும் தள்ளி இருங்க, சரியாயிடும்.'

சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மகளின் அறைக்குள் போனாள். மேசை மேல் லேப்டாப் திறந்தபடி இருந்தது. திரை கறுத்திருந்தது.

அப்படியானால் தான் எழுதியதை அவள் படிக்கவில்லை. மாமா வீட்டில் படிக்கவும் வழியில்லை, அவளுக்கென்று போன் கிடையாது. 'படிச்சேன்' என்று எழுதிவிட்டு, அதைப் படிக்க ஆளில்லாமல் நிற்பது என்னவென்று இன்று அம்மாவுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் இதை நாற்பத்து மூன்று தடவை செய்திருக்கிறாள்.

தூசியைத் துடைப்பதுபோல விரலால் ஒரு விசையைத் தொட்டாள். திரை விழித்துக்கொண்டது.

மகளின் பெட்டி. பூட்டுச் சின்னம். கீழே குறிப்புக் கட்டத்தில், சேமிக்காமல் ஒரு வரி. இந்த வரியில் 'டீச்சர்' இல்லை.

'அம்மா, போக வேணாம்னு நீ ஒரே ஒரு தடவை சொன்னா'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கோடு மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

அம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். காலையில் அவள் நாக்கு நுனி வரை வந்து நின்றதும் அந்த வார்த்தைதானே. வாசலில் ஒருத்தி சொல்லாமல் நின்றிருக்கிறாள். உள்ளே ஒருத்தி கேட்காமல் பையை மூடியிருக்கிறாள்.

தம்பிக்குப் போன் செய்யலாம் என்று எடுத்தாள். வேனிலோ வீட்டிலோ, அவன் ஒலிபெருக்கியில்தான் பேசுவான். சுற்றி ஆட்கள் இருப்பார்கள். இனிமேலும் நாலு பேர் கேட்க மகளிடம் பேச வேண்டாம். போனைப் பைக்குள் போட்டாள்.

திரையின் மூலையில் மின்கலம் இருபத்திரண்டு சதவிகிதம் காட்டியது. சார்ஜரைத் தேடினாள். காலையில் 'மறந்துடாதே' என்று சொல்லி அனுப்பியதே அவள்தான். அது மகளின் பையோடு போய்விட்டது.

லேப்டாப்பை மூடினால் செத்துவிடும். வரி போய்விடும். சேமித்தால் நிற்கும்; ஆனால் அது மகள் பெயரில் பதிந்துவிடும். முடிக்காத பேச்சை அவள் சொன்னதாக எழுதிவைக்க அம்மாவுக்கு என்ன உரிமை? ஒருமுறை அவளைக் கேட்காமல் தீர்ப்பு எழுதியாயிற்று. போதும்.

எழுந்தாள். சீப்பை இடுப்பில் செருகினாள். லேப்டாப்பைத் திறந்தபடியே, நிறைகுடம் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கதவை முழங்கையால் தள்ளினாள். பூட்டினாளா என்பது நினைவில்லை.

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாக உடுத்திய ஒரு அம்மாள் விரித்த லேப்டாப்போடு பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறாள். திரை கறுக்கப் போகும்போதெல்லாம் கட்டை விரலால் அதைத் தொட்டு எழுப்புகிறாள். நிறுத்தத்திலிருந்த ஒருவர் கேட்டே விட்டார்:

"ஏம்மா, மூடி எடுத்துட்டுப் போகக்கூடாதா?"

"மூடக்கூடாதுங்க" என்றாள். "இன்னும் பேசி முடிக்கல."

தம்பி வீட்டுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். முதல் பேருந்து வந்தது. நெரிசல். ஏறினாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். மடியில் வைத்து, கண்ணெடுக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினேழு சதவிகிதம்.